பழைய ஃபைபர் போட் வாங்கும் முன்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

ஃபைபர் மக்காது, துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் பழைய போட்டை விற்பார்கள். சொல்வது சரிதான். ஆனால் போட் முழுவதும் ஃபைபர் கிடையாது. எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. தளத்துக்கு அடியில் ஃபைபர் சுற்றிய மரக்கட்டைகள் ஓடுகின்றன. மிதப்புக்காக அடைத்த நுரை இருக்கிறது. இந்த மூன்றும் தண்ணீர் குடிக்கும், குடித்ததை வெளியே காட்டாது. பழைய போட்டில் பெரிய பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் போட்டின் உடம்பில் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வழியாகத் தண்ணீர் மரத்துக்கோ நுரைக்கோ போயிருக்குமா?

நான் எழுதுவது நம் கரையில் அதிகம் ஓடும் வகையைப் பற்றி. கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் மணலில் ஏற்றி இறக்கும் திறந்த ஃபைபர் போட், பின்னால் அவுட்போர்டு பெட்ரோல் எஞ்சின். லாங் டெய்ல் (நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுழலும்) டீசல் எஞ்சின் வைத்த போட்டுக்கும் உடம்பைப் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் இந்தக் கரையில் ஃபைபர் போட்டுகள் பெருகின. உடைந்துபோன கட்டுமரத்துக்கும் மரவல்லத்துக்கும் பதிலாக அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்தவையும் அவற்றில் உண்டு, நிதானமாக நன்றாகக் கட்டியவையும் உண்டு. எனவே போட்டின் வயதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பொறுப்பாக வைத்திருந்த 15 வருஷத்துப் போட், கவனிக்காமல் கிடந்த 5 வருஷத்துப் போட்டைவிட நன்றாக இருக்கலாம்.

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். நான் வரும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம். புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். கையோடு ஒரு டார்ச், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், கண்ணாடி டம்ளர், பழைய வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் கிடைத்தால் அதையும்.

போட் புதுப் பெயிண்டில் பளபளக்கிறது

பெயிண்ட் அடித்ததே குற்றம் என்று நினைக்க வேண்டாம். விற்கிற பொருளைத் துடைத்து வைப்பது வழக்கம். ஆனால் என்ன மறைத்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அணியத்து (முன்முனை) பக்கம் குனிந்து நின்று, போட்டின் பக்கவாட்டைப் பின்பக்கம்வரை நீளமாகப் பாருங்கள். பட்டி வைத்து மூடிய இடம் இலேசாக மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். நேராக நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

சந்தேகப்பட்ட இடத்துக்கு நேர் உட்பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். ஒழுங்காகச் செய்த ஒட்டு என்றால் உள்ளே புது மேட் (கண்ணாடி இழை விரிப்பு) நிறம் மாறித் தெரியும், அதன் அளவு ஓட்டையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் ஓட்டை விழுந்தால், சுற்றிலும் ஏழு சென்டிமீட்டர் அளவுக்குச் சரிவாகத் தேய்த்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும். அப்போதுதான் பழையதும் புதியதும் ஒன்றாகப் பிடிக்கும். வெளியே உள்ளங்கை அளவு பட்டி, உள்ளே ஒரு வேலையும் செய்த தடயம் இல்லை என்றால் அது மூடி மறைத்தது. அலையில் நாலு அடி வாங்கினால் பெயர்ந்துவிடும்.

அடியில் கண்ணாடி இழை தெரிகிறது

மணல் கரையில் இது இல்லாத போட்டே கிடையாது. தினமும் தள்ளி, டிராக்டர் கட்டி இழுத்து, மணலில் உரசி உரசி அடிமுதுகு தேயும். முதலில் மேல்பூச்சான ஜெல்கோட் போகும், அப்புறம் மேட் வெள்ளையாகத் தெரியும், அதற்கும் அப்புறம் நெய்த துணி போன்ற ரோவிங் கட்டம் கட்டமாகத் தெரியும். மேட் மட்டும் தெரிந்தால் அது சாதாரணத் தேய்மானம். காயவைத்து, தேய்த்து, இரண்டு மூன்று அடுக்கு போட்டால் சரியாகிவிடும். விலையில் குறைத்துக் கேட்கலாம்.

ரோவிங் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கினால் கவனம் வேண்டும். அந்த நூல்களின் வழியாகத் தண்ணீர் திரிபோல ஏறி உள் அடுக்குகளைப் பிரிக்கும். அந்த இடத்தைச் சுற்றி நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கேட்டது எங்கே 'பொத் பொத்' என்று மாறுகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள். குறி தேய்ந்த கோட்டோடு நின்றால் சரி. அதைத் தாண்டி இரு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் பரவியிருந்தால் அடியையே புதிதாகக் கட்டுகிற வேலை.

போட் மணலில் உட்கார்ந்திருந்தால் அடி தெரியாது. ஆட்களைக் கூப்பிட்டு ஒரு பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். சாய்க்க முடியாது என்று சொல்கிற போட்டை வாங்க வேண்டாம்.

பின்பலகையைத் தட்டினால் சத்தம் செத்திருக்கிறது

வேறு எதற்கும் நேரம் இல்லை என்றாலும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எஞ்சினின் முழு எடையும் அது தள்ளுகிற வேகமும் இந்தப் பலகை மேல்தான் விழுகிறது. உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறி மக்கினால், வெளி ஃபைபர் தோல் மட்டும் நின்றுகொண்டிருக்கும். கரையில் பார்க்க நன்றாக இருக்கும். முகத்துவாரத்தில் அலையை ஏறும்போது எஞ்சினோடு பிய்த்துக்கொண்டு போகும்.

முதலில் கண்ணால் பாருங்கள். போல்ட் துளைகளிலிருந்து பழுப்பாக நீர் வடிந்த கோடு இருக்கிறதா? எஞ்சின் கிளாம்ப் அழுத்திய இடம் குழிந்திருக்கிறதா? பலகை போட்டின் பக்கச் சுவரோடு சேரும் இரண்டு மூலையிலும் மயிரிழை விரிசல் உண்டா? பலகையின் மேல் விளிம்பில் ஃபைபர் வெடித்து மரம் தெரிகிறதா? மழைத்தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அந்த மேல் விளிம்பு வழியாகத்தான்.

அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. எஞ்சினைக் கீழே இறக்கிய நிலையில் அதன் கால் பகுதியைப் பிடித்து ஒருவர் முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டட்டும். நீங்கள் பலகையில் கை வைத்துக்கொண்டு மூலைகளைக் கவனியுங்கள். எஞ்சின் பிராக்கெட் புஷ் தேய்ந்து எஞ்சின் மட்டும் ஆடினால் அது சின்ன வேலை. பலகையே வளைந்து கொடுத்தாலோ, மூலை விரிசல் வாயைத் திறந்து மூடினாலோ, போல்ட் துளையில் ஈரம் கசிந்தாலோ பலகை போய்விட்டது.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் விற்பவரைக் கேட்டு, பலகையின் உட்பக்கத்தில் கீழே ஒரு சின்னத் துளை போடுங்கள். தண்ணீர் சேருவது அடியில் என்பதால் மேலே போட்டுப் பயனில்லை. வெளிறிய, உலர்ந்த மரத்தூள் வந்தால் நல்ல பலகை. கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் பிளைவுட் மக்கிவிட்டது. பார்த்து முடித்ததும் துளையை ரெசின் (ஃபைபரை இறுக்கும் பசை) வைத்து அடைத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

பின்பலகை மாற்றுவது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் உள் தோலை அறுத்து, மக்கிய மரத்தை முழுக்கச் சுரண்டி எடுத்து, புது பிளைவுட் வைத்து, மறுபடி பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஊர்ப் பட்டறையில் இந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை விலையில் முழுதாகக் கழித்தால் மட்டும் வாங்கலாம். பாதியாகக் கழிப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். திறந்து பார்த்தால் எப்போதும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத்தான் மக்கியிருக்கும்.

தள்ளுவதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படுகிறது, தண்ணீரில் ஒரு பக்கம் சாய்கிறது

நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. 100 லிட்டர் இடத்தில் தண்ணீர் ஏறினால் 100 கிலோ கூடுதல். அந்த எடையைச் சுமந்தபடிதான் எஞ்சின் ஓடும், பெட்ரோல் எரியும். அதைவிட முக்கியம், போட் கவிழ்ந்தால் மிதக்க வைக்க வேண்டிய நுரை அந்த வேலையைச் செய்யாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

தளத்தின் மூடிகளைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். சில போட்டுகளில் தெர்மாகோல் கட்டிகள் இருக்கும். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும் என்பதால் பாலித்தீன் சுற்றி வைத்திருப்பார்கள். பாலித்தீன் கிழிந்து, உள்ளே தண்ணீர் தேங்கி, கட்டி உதிர்ந்துகொண்டிருந்தால் எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம், பெரிய செலவில்லை. ஊற்றி அடைத்த பாலியூரிதேன் நுரை ஊறியிருந்தால் வேறு கதை. வெயிலில் காயவைத்துச் சரிசெய்ய முடியாது, தளத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு துண்டு கிள்ளிப் பிழிந்து பாருங்கள், தண்ணீர் வந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

லாரியில் ஏற்றிப் போகிற ஏற்பாடு இருந்தால் எடை மேடையில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். வெறும் லாரி எடை, போட்டோடு எடை, இரண்டின் வித்தியாசம்தான் போட்டின் எடை. போட்டைக் கட்டிய பட்டறையில் அந்த அளவு போட் எவ்வளவு கனம் வரும் என்று கேட்டு ஒப்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத தண்ணீரை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அடியில் கொப்புளங்கள்

தினமும் கரையேறும் போட்டில் இது அபூர்வம். உப்பனாற்றிலோ சுண்ணாம்பாற்றிலோ மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் போட்டில் வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் குத்துங்கள், உள்ளே அழுத்தத்தோடு திரவம் இருக்கலாம். ஒன்றும் வராமல் பெயிண்ட் மட்டும் உரிந்தால் பெயிண்ட் சரியாக ஒட்டவில்லை, அவ்வளவுதான். பிசுபிசுப்பாக, வினிகர் வாடையோடு நீர் வந்தால், ஜெல்கோட் வழியாக ஊடுருவிய தண்ணீர் ரெசினோடு வினைபுரிந்திருக்கிறது. பத்துப் பதினைந்து கொப்புளம் என்றால் தேய்த்துக் காயவைத்து எபாக்ஸி பூசலாம். அடி முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தால் விட்டுவிடுங்கள், காய்வதற்கே மாதங்கள் ஆகும்.

மேலே விரிசல் கோடுகள்

நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து பரவினால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நிற்கும். கோடுகள் வரிசையாக, இணையாக ஓடினால் அந்த இடம் ஒவ்வொரு அலைக்கும் வளைந்து கொடுக்கிறது. உள்ளே இருக்கும் குறுக்குக்கட்டை ஃபைபர் தோலிலிருந்து விட்டுவிட்டதா என்று பாருங்கள். தளத்தில் குதிகாலால் மிதித்து நடந்தால் அமுங்கும் இடம் காலுக்கே தெரியும்.

உள்ளே தண்ணீர் சேருகிறது

நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். உப்புக் கரிக்கவில்லை என்றால் மழைத்தண்ணீர். கரித்தால் அலை மேலாக வந்து விழுந்ததா, அடியில் கசிகிறதா என்று பிரிக்க வேண்டும். போட் கரையில் இருக்கும்போதே, வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளே நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே ஈரம் பூக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே 750 கிலோ, மணலில் சமமாக உட்காராத போட்டின் உடம்பு அதைத் தாங்காது.

வடிகால் அடைப்பானைச் சுற்றிக் கசிந்தால் பத்து நிமிஷ வேலை. பின்பலகையும் அடியும் சேரும் இடத்தில் கசிந்தால் மேலே சொன்ன பலகைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்புகிறது

நல்ல விஷயம்தான், எஞ்சின் குளிர்ந்திருந்தால். நீங்கள் போனவுடன் மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்லி ஆறவிடுங்கள்.

மூடியைக் கழற்றியபோதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: எஞ்சின் தண்ணீரில் மூழ்கி எடுத்ததா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. அந்த மாதிரி நாட்களில் மூழ்கிய எஞ்சின்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவது இயல்பு. கழுவினாலும் ஃப்ளைவீல் மூடிக்கு அடியிலும், வயர் கனெக்டர்களுக்குள்ளும், மூடியின் உட்புற ஸ்பாஞ்சிலும் வண்டல் கோடும் பச்சைப் பூப்பும் மிஞ்சும். ஸ்டார்ட்டர் கயிறு சுருளும் இடத்தில் மண் இருந்தாலும் அதே கதைதான். மூழ்கியதை உடனே எடுத்துச் சுத்தம் செய்திருந்தால் எஞ்சின் பிழைக்கும். இரண்டு நாள் கழித்து எடுத்ததென்றால் பேரிங்குகளைத் துரு தின்றிருக்கும். எப்போது எடுத்தார்கள் என்று தெளிவான பதில் வராவிட்டால் எஞ்சினுக்கு விலை பேசாமல் போட்டுக்கு மட்டும் பேசுங்கள்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜை மாட்டிக் கயிற்றை இழுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த சிலிண்டரில் ரிங் அல்லது கேஸ்கட் போயிருக்கிறது.

குளிர்விக்கும் தண்ணீர் சிறுநீர்போல் சொட்டுகிறது

எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் பீச்சியடிக்கும் அந்தத் தண்ணீர்க் கோடு வலுவாக இருக்க வேண்டும். நம் கரையில் எஞ்சினை ஆழமில்லாத இடத்திலேயே கிளப்புவார்கள், அப்போது மணலும் சேர்ந்து உள்ளே போகும். மணல் முதலில் தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லரைத் தின்னும், அப்புறம் அது சுழலும் கூட்டைக் கீறும். துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள், சில சமயம் வாயில் அடைத்த உப்புதான் காரணம். அதற்கும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லர். அது கிடைக்கக்கூடிய, மாற்றக்கூடிய உதிரி பாகம். இம்பெல்லர் புதிதாகப் போட்ட பிறகும் கோடு மெலிந்தே இருக்கிறது என்று விற்பவரே சொன்னால், எஞ்சின் பிளாக்கின் உள்வழிகளில் உப்பு கட்டியிருக்கிறது. அப்படி ஓடிய எஞ்சின் எத்தனை தடவை சூடேறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கரையில் சோதிக்கும்போது டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினின் கால் பகுதியை மூழ்கவைத்து நியூட்ரலில் மட்டும் ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள், சில விநாடிகளிலேயே இம்பெல்லர் கெடத் தொடங்கும்.

கியர் ஆயில் பால்போல் இருக்கிறது

இரவு முழுக்க அசையாமல் நின்ற எஞ்சினில் கியர் பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கனம் என்பதால் இருந்தால் முதலில் அதுதான் வரும். ஆயில் வெளுத்துப் பால் நிறமாக வந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பெரும்பாலான காரணம் வலை நரம்பு. புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிய நரம்பு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுத்துவிடும். புரொப்பல்லரைக் கழற்றினால் கையிலேயே வரும். சீல் மலிவு. ஆனால் திருகின் முனையில் இரும்புத் துகள் தூளாக இல்லாமல் செதில் செதிலாக ஒட்டியிருந்தால் பல் சக்கரம் உடைய ஆரம்பித்துவிட்டது, அது மலிவு இல்லை.

சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

புரொப்பல்லரின் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும் வகையில் அது வழுக்கலாம். உள் குழாயிலிருந்து வெளிக் கூடுவரை நேராக ஒரு பெயிண்ட் கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் போய்விட்டது. பிரியவில்லை என்றால் எஞ்சின் உயரமாக மாட்டப்பட்டுக் காற்றை இழுக்கிறதா, அல்லது போட்டே தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறதா என்று பாருங்கள். முழு வேகத்தில் அதிர்ந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் புரொப்பல்லரைக் கையால் சுற்றி ஒரு குச்சியை இறகு நுனிக்கு அருகே அசையாமல் பிடியுங்கள். ஒரு இறகு மட்டும் விலகினால் இறகு வளைவு. நடு அச்சே வட்டமடித்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது.

மெதுவாக ஓடும்போது அணைந்து அணைந்து போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் இளக்கும். டேங்கில் நாளாகத் தேங்கிய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, குழாயை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஓட்டிப் பார்க்க எங்கே?

முதல் ஓட்டத்துக்குக் கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாறு போதும், புதுச்சேரி என்றால் சுண்ணாம்பாறு. குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம், அந்த முகத்துவாரம் தெரிந்த ஓட்டுநர் கூட இருந்தால் மட்டும், அலை தணிந்த காலையில் வெளியே ஒரு சுற்று. லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் வேண்டும். எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிறு ஓட்டுபவர் கையில் இருக்க வேண்டும், அதை இழுத்தால் எஞ்சின் உடனே நிற்கிறதா என்பதையும் ஆற்றிலேயே பார்த்துவிடுங்கள். கரைக்கு வந்ததும் பின்பலகை மூலைகளையும் உள்ளே சேர்ந்த தண்ணீரையும் இன்னொரு தடவை பாருங்கள். காய்ந்த நிலையில் மறைந்திருந்த விரிசல் இப்போது ஈரக்கோடாகத் தெரியும்.

காகிதம் ஒத்துப்போகவில்லை

போட்டின் பக்கவாட்டில் எழுதிய பதிவு எண், தமிழ்நாட்டுப் போட் என்றால் ஐ.என்.டி. - டி.என். என்றும், புதுச்சேரி என்றால் ஐ.என்.டி. - பி.ஒய். என்றும் தொடங்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள எண், நீளம், எஞ்சின் எண் எல்லாம் நேரில் பார்ப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் எண் பட்டை பிராக்கெட்டில் இருக்கும். சுரண்டியிருந்தாலோ, புது ரிவெட் போட்டிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சினை மாற்றியிருந்தால் அதற்கு வாங்கிய பில் வேண்டும். ஒரு மாநிலத்து எண்ணோடு வாங்கி இன்னொரு மாநிலத்து ஊரில் தொழில் செய்யப் போகிறவர்கள், என்ன மாற்ற வேண்டும் என்பதை இரண்டு பக்க மீன்வளத் துறை அலுவலகத்திலும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழில் தெரியாத கடன் ஒன்று உண்டு. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கிற மீனை அவருக்கே போடுவதாகப் பேசிய போட்டுகள் நம் கரையில் நிறைய. அந்தக் கணக்கு தீரும் முன் போட் கைமாறினால் வியாபாரி உங்களிடம் வந்து நிற்பார். கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் பாக்கி இருக்கலாம். விற்பவரின் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய், "ஐயா, இந்தப் போட்டை நான் வாங்கலாம்னு இருக்கேன், ஏதாவது பாக்கி உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் மட்டும் கொடுங்கள். மீதித் தொகையைப் பதிவு உங்கள் பெயருக்கு மாறிய அன்று கொடுங்கள்.